மாதாவின் துணியில் இடது மூலை

என் மேசை இழுப்பறையில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கிறது. அதன் நடுவே இரண்டு இழைகள், வெறும் கண்ணுக்குத் தூசிதான். நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்று முறுக்கிய நாடாவைப் போல் நெளிந்து கிடக்கும் சிவப்புப் பருத்தி. மற்றது நெளிவே இல்லாமல் பளபளக்கும் நைலான். வேலை ஓய்ந்த பிற்பகல்களில் எடுத்துப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க, தெளிந்த கடலில் படகோரம் குனிந்து அடிமணலைப் பார்ப்பது போல் மனம் மெல்ல இறங்கிப்போகும். சம்பளம் வாங்கிக்கொண்டே கனவு காண இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்துக் கோயிலில், திருவிழாவன்று மாதாவுக்குப் போர்த்தும் பழைய சிவப்புத் துணி ஒன்று உண்டு. புயலில் தப்பிய கப்பல்காரன் ஒருவன் முந்நூறு வருடத்துக்கு முன்னால் காணிக்கையாகக் கொடுத்த சீமைத் துணி என்பது ஊரார் நம்பிக்கை. துணி நைந்துவிட்டதால், அது எவ்வளவு பழையது, எப்படிக் காப்பாற்றுவது என்று பார்க்கச் சொல்லிப் பங்குச் சாமியார் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். கொண்டுவந்தவர் கோயில்பிள்ளை. மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, துணிமணிகளை மடித்துவைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அறுபதைத் தாண்டியவர். பஸ்ஸில் அத்தனை தூரமும் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லையாம்.

“எங்கன வேணும்னாலும் நூலெடுங்க மேடம். இந்த இடது மூலயில மட்டும் வேணாம். அது மாதா பாதத்துல படுற மூல.”

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். முதல் ஆறு இழைகளை வேறு இடங்களிலிருந்துதான் எடுத்தேன். கையால் நூற்ற பருத்தி. சாயத்தைப் பிரித்துப் பார்த்தால், நம் கடற்கரை மணலில் தோண்டியெடுக்கும் சாயவேரின் சிவப்பு. துணி பழையது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் சீமையில் நெய்ததல்ல. குதிக்காத குறையாக மேசையைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் அந்த இடது மூலையிலிருந்து தானாக உதிர்ந்து பெட்டியின் அடியில் கிடந்த இழைகள் கண்ணில் பட்டன. உதிர்ந்ததை எடுப்பது வாக்கு மீறலாகாது என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன். ஏழாவது மாதிரியில் ஆலையில் நூற்ற பருத்தியும், அதோடு நைலானும் இருந்தன. முந்நூறு வருடத் துணியில் நைலான் இருக்க வழியே இல்லை.

கோயில்பிள்ளைக்குப் போன் செய்ததும் மறுநாளே தனியாக வந்தார். நுண்ணோக்கியில் அவரைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் குனிந்திருந்தார்.

“நைலான்கூட அழகாத்தான் இருக்கு, தாயி,” என்றார். பிறகு நிமிராமலே சொன்னார். “நாந்தான். மெழுகுவத்தி சாஞ்சு ஒரு சாண் கருகிப்போச்சு. எங்க வீட்டுல ஒத்த வார்த்த வையல. பொட்டியத் தொறந்து, கல்யாணச் சேலயில ஒரு துண்ட வெட்டிக் குடுத்தா. வல முடியிற நூலுதான் கைக்குக் கெடச்சுச்சு. வலக்காரன் கைக்கு வேற முடிச்சு வராது.”

அடுத்த வருடமே அவர் மனைவி இறந்துவிட்டார். மிச்சச் சேலையை அவர்மேல் போர்த்தியே அடக்கம் செய்துவிட்டார்கள்.

“பூமிக்கு வெளிய இருக்கது இம்புட்டுத்தான். சாமியார்ட்ட என் பேரச் சொல்லுங்க. ஊரு வையட்டும், வேலய விட்டு நிறுத்தட்டும். அந்த மூலயப் பிரிச்சிரச் சொல்லிராதீக.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நைலான் நூல் பழைய பருத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஒட்டுப்போட்டதை முழுதாகப் பிரித்தெடுக்கச் சொல்லி அறிக்கை எழுதுவதுதான் என் கை பழகிய வழி. நைலான் போகட்டும், சேலை இருக்கட்டும் என்று அன்று முடிவு செய்தேன். ஊசியும் இடுக்கியுமாக அரைமணி நேரம் மல்லுக்கட்டியும் ஒரு முடிச்சுகூட எனக்கு இளகவில்லை. அவர்தான் நகத்தால் நெருடி ஒவ்வொன்றாக அவிழ்த்தார், தான் போட்ட முடிச்சை. மெல்லிய பருத்தி நூலால் நான் திரும்பத் தைத்து முடிக்கும்வரை, சேலைத் துண்டின் ஓரத்தை ஒற்றை விரலால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. சாமியார் அதை ஞாயிறு பூசைக்குப் பிறகு வாசித்தார். அப்புறம் மீன் விற்கும் பெண் ஒருத்தி எழுந்து, “கப்பக்காரன் குடுத்ததுன்னு கும்புட்டோம். நம்ம வீட்டுப் பொம்பள குடுத்ததக் கும்புட மாட்டமா?” என்று கேட்டாளாம். இதைக் கோயில்பிள்ளைதான் போனில் சொன்னார். கடைசிவரை அவரே கோயில்பிள்ளையாக இருந்தார்.

போன மாதம் அவரும் போய்ச் சேர்ந்தார். செய்தி கேட்டதும் இழுப்பறையைத் திறந்து சில்லை எடுத்தேன். ஓரத்தில் ஒட்டிய சீட்டில் என் கையெழுத்தில் இழையின் வகை, சாயம், நூற்ற விதம் எல்லாம் இருக்கின்றன. ‘கொடுத்தவர்’ என்ற இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அவர் எப்போதும் “எங்க வீட்டுல” என்றுதான் சொன்னார். வேரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்த நான், அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவே இல்லை.

இன்று காலை சாமியாரிடம் கேட்டேன். கல்லறைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். சில்லு நுண்ணோக்கியின் கீழே இருக்கிறது. பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.