மூன்று விலைமனுக்களும் ஓர் இடது கையும்

1. இடி

எங்கள் வீட்டு மடிக்கணினி ஒரு பின்னேர இடியோடு போனது. மாத்தளையில் வானம் கறுத்தால் பிளக்குகளைக் கழற்றிவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் ஒன்பது பிளக்குகள். எட்டைக் கழற்றிவிட்டேன். ஒன்பதாவதற்குப் போவதற்குள் இடித்துவிட்டது.

நகரத்தில் கணினிக்கடை வைத்திருக்கும் ரிஸ்வானிடம் கொண்டுபோனேன். அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"மதர்போர்ட் போச்சு சேர். மாத்தலாம், ஆனா போடுற காசுக்குப் பெறுமதி இல்ல. வேற ஒண்ணு பாருங்க."

"பதினொரு திருகாணி இருந்தது தம்பி. பத்துத்தான் மேசையிலை கிடக்குது."

"எண்ணிட்டா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, மேசைக்கடியில் குனிந்து பதினொன்றாவதை எடுத்து என் கையில் வைத்தார்.

அரசாங்கக் கந்தோர் ஒன்றில் களஞ்சியத்திலும் கொள்வனவிலும் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். எண்ணாமல் ஒரு பொருளைக் கையளிக்கவும் தெரியாது, வாங்கவும் தெரியாது. இப்போது கொள்வனவுப் பிரிவுகளில் இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் சேவைக்காலத்தில் நான் செய்த பெரிய கொள்வனவுகள் எதுவும் இதில் இல்லை. வீட்டுக்கு வாங்கிய ஒரேயொரு மடிக்கணினியைப் பற்றியது இது.

2. தேவை

என் மனைவி புவனாவுக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து காது போனது. பேசுவார், உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வார். அவருடைய அக்கா மூன்று வயது மூத்தவர். தங்கைக்குக் கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா விரல்களால் ஒரு பாஷையை உண்டாக்கினார். இருவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத பாஷை. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் எனக்கு அதில் நாற்பது சைகைகள்கூட வராது.

அக்கா கனடாவில் மகள் சுதாவோடு இருந்தார். போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. காது கேட்கும், புத்தி தெளிவு, இடது கை அசையும். சுதாவுக்கு அந்த விரல் பாஷை பத்துச் சொல்லுக்கு மேல் தெரியாது. பேசக்கூடிய தாயிடம் அதைப் படிக்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. ஆகவே, அந்த இடது கை சொல்வதை வாசிக்க உலகத்தில் மிஞ்சியிருந்தது புவனா ஒருத்திதான். தினமும் பின்னேரம் மடிக்கணினியை மேசையில் வைத்து அக்காவோடு பேசுவார். பிறகு சுதாவிடம் திருப்பிச் சொல்வார்: கால் குளிருதாம், தலையணை உயரமாம், மற்ற நேர்ஸ் நல்லவளாம்.

இடி விழுந்த மூன்றாம் நாள் சுதா போனில் என்னைக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அம்மா ரெண்டு நாளா வாயைத் திறக்கிறாவே இல்லை. கரண்டியைக் கொண்டு போனா முகத்தைத் திருப்புறா. சாப்பிட விருப்பமில்லைப் போலை எண்டு டொக்டர் சொல்றார். இந்தக் கிழமை முடியிறதுக்குள்ளை மூக்காலை குழாய் போடப் போகினம். சின்னம்மாவை ஒருக்காக் கேட்கச் சொல்லுங்கோ."

போனை நான் பிடித்துக்கொண்டேன். புவனா பார்த்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் கற்றரக், அதாவது கண்புரை, வெட்டியாயிற்று; சின்னது தெரியாது. உள்ளங்கையளவு திரையில் அக்காவின் கை ஓர் ஓரத்தில் தெரிந்தது.

"கை நடுங்குது," என்றார் புவனா.

"அது வருத்தத்தாலை வாற நடுக்கம் எண்டுதான் நேர்ஸும் சொல்றா," என்றாள் சுதா.

புவனா போனை என் கையிலிருந்து வாங்கி மூக்கருகே பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பித் தந்தார். அவ்வளவு கிட்டப் பிடித்தும் விரல்கள் தனித்தனியாகத் தெரியவில்லை.

3. விலைமனு

ஒரு மடிக்கணினி உடனே வேண்டும். எங்கள் ஓய்வூதியத்துக்குள் வேண்டும். நான் எனக்குத் தெரிந்த முறைப்படி தொடங்கினேன்.

முதலில் விவரக்குறிப்பு எழுதினேன். நினைவகம், சேமிப்பகம், திரையின் அளவு, பற்றரி, உத்தரவாதம் என்று பதினான்கு விடயங்கள் வந்தன. கீழே, முப்பத்தொரு வருடம் எழுதிய வாக்கியத்தைக் கை தானாக எழுதியது: பாவித்த பொருட்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா. பிறகு மூன்று கடைகளில் விலைமனு கேட்டேன். இரண்டு கடை மாத்தளையில், ஒன்று தம்புள்ளையில். தம்புள்ளைக்கு பஸ்ஸில் போய் வர ஒரு நாள் போயிற்று.

ரிஸ்வான் தாளை மேலிருந்து கீழே வாசித்தார்.

"வீட்டுக்கு ஒரு லெப்டொப். அதுக்கு லெட்டர்ஹெட்ல கொட்டேஷனா சேர்? ஓடிட் பண்றது யாரு, வீட்டு அம்மாவா?"

"எழுதித் தாங்கோ தம்பி."

"தாறேன். ஆனா இது எதுக்குப் பாவிக்கப் போறீங்கன்னு நீங்க எழுதவே இல்லையே."

"வீட்டுப் பாவனை," என்றேன்.

மூன்றையும் ஒப்பிட்டதில் குறைந்த விலை ரிஸ்வானுடையதே. புதியது, ஒரு வருட உத்தரவாதம், பதினான்கு விடயங்களும் சரி. மறுநாள் காலை காசோடு போனேன். பெட்டியைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று புவனாவும் வந்தார். கடை வாசலில் கிடந்த கதிரையைக் காட்டி அவரை அதில் இருக்கச் சொன்னேன்.

இதை விளக்க வேண்டும். பாவிக்கப்போகிறவரை வழங்குநரோடு பேச விடக்கூடாது என்பது எங்கள் பிரிவில் கடுமையான வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. விற்கிறவர் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, இந்த மெஷின்தான் வேண்டும் என்று அடம்பிடித்த உத்தியோகத்தர்களை நான் கண்டிருக்கிறேன். கந்தோரில் அந்த வழக்கம் சரி என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அன்று நான் வாசலில் இருக்கச் சொன்னது என் மனைவியை.

4. கடை

புவனா கதிரையில் இருக்கவில்லை. உள்ளே வந்து, நான் வாங்கவிருந்த மெஷினின் முன்னால் நின்றார்.

"இதிலை அக்கா தெரிவாவோ?" என்று ரிஸ்வானைக் கேட்டார்.

புவனாவின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாதது. முதல் தடவை கேட்பவர்கள் தடுமாறுவார்கள். ரிஸ்வான் தடுமாறவில்லை. உதடு தெரியும்படி அவருக்கு நேரே திரும்பி நின்று கேட்டார்: "எந்த அக்கா, அம்மா?"

புவனா சொன்னார். அக்கா, கை, சாப்பாடு, குழாய் எல்லாவற்றையும் சொன்னார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரிஸ்வான் என்னைப் பார்த்தார். "இத நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம் சேர்," என்றார். பிறகு மெஷினைக் கடையின் இணைய இணைப்பில் போட்டார். தன் போனை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய், வீடியோவில் கூப்பிட்டார். போனை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையை அதன் முன்னால் வைத்து விரல்களால் ஏதோ செய்தார்.

திரையில் அவர் முகம் வந்தது. சற்று நின்றது. பிறகு தாவியது. கை சாம்பல் நிறத்தில் கலங்கியது.

"என்ன செய்யிறார்?" என்று நான் கேட்டேன்.

"கை நடுங்குது," என்றார் புவனா.

போனில் பார்த்துவிட்டுச் சொன்ன அதே இரண்டு சொற்கள்.

ரிஸ்வான் திரும்பி வந்தார். "புதுசுதான் சேர், ஆனா புரொசெசர் ஆகக் குறைஞ்சது. கடிதம் எழுத, படம் பாக்கப் போதும். வீடியோ கோல்ல திணறும். இந்த விலைக்குப் புதுசு எடுத்தா எல்லாமே இப்படித்தான் இருக்கும்." தட்டிலிருந்து இன்னொன்றை இறக்கினார். மூலைகள் தேய்ந்திருந்தன. மூடியில் ஒட்டியிருந்த எதையோ சுரண்டிய அடையாளம் இருந்தது. "இது வெளிநாட்டுக் கம்பனில யூஸ் பண்ணினது. புதுசா இருந்தப்ப இதுட விலை மிச்சம் கூட. திரையும் நல்லது. பற்றரி மாத்தித் தாறேன். வொரன்டி மூணு மாசம்தான். விலை உங்கட புதுசை விடக் கொஞ்சம் குறைவு."

"பாவித்தது," என்றேன்.

"பாவிச்சதுதான் சேர்."

மறுபடி தெருவைக் கடந்தார். படம் நிற்கவில்லை. அவர் பின்னால் போன முச்சக்கர வண்டியின் நம்பர் தகட்டை என்னால் வாசிக்க முடிந்தது.

"பெருவிரலும் சுட்டுவிரலும் சேத்துத் திருப்புறார்," என்றார் புவனா. "திருகாணி பூட்டுறார்."

ரிஸ்வான் சிரித்துக்கொண்டு வந்தார். "சரியா சொன்னாங்க அம்மா. சேர் திருகாணி எண்ணினத நடிச்சுக் காட்டினேன்."

நான் சிரிக்கவில்லை. புவனா அந்த மெஷினின் மூடியைத் தானே மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். பாவித்த பொருட்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா என்று எழுதிய தாள் என் சட்டைப் பையில் இருந்தது. பணத்தைக் கொடுத்தேன்.

5. கல்

அன்று பின்னேரம் சுதா தன் மெஷினைக் கட்டிலருகே வைத்தாள். மச்சாள், புவனாவின் அக்கா, மெலிந்து போயிருந்தார். இடது கை போர்வைமேல் கிடந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

புவனா இரண்டு கைகளாலும் ஏதோ கேட்டார். மச்சாளின் கை சற்றே உயர்ந்தது. பெருவிரல் சுட்டுவிரலின் நுனியில் உரசியது. மறுபடி, மறுபடி. நடுக்கம் என்று நாங்கள் எல்லோரும் பார்த்தது அதைத்தான்.

"கல்," என்றார் புவனா.

சுதாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. புவனா சொன்னார்: "சின்னனிலை நாங்கள் ரெண்டு பேரும் அரிசி பாக்கிறனாங்கள். கல் கண்டா இப்பிடிக் காட்டுவம். அவவின்ரை வாய்க்குள்ளை கல் கிடக்குது. பாருங்கோ."

நேர்ஸ் சிறு விளக்கோடு வந்து வாயைப் பார்த்தாள். கடைவாய்ப் பல் ஒன்று பாதி உடைந்து, துண்டு கன்னத்துக்கும் பல்முரசுக்கும் நடுவே செருகி, நாக்கை வெட்டியிருந்தது. எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை மச்சாள் ஏழு கரண்டி கூழ் குடித்தார். சுதா எண்ணி எனக்குச் சொன்னாள். குழாய் போடவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஐந்து மாதம் இருந்தார். கடைசிக் கிழமை வரை வாயால்தான் சாப்பிட்டார். ரிஸ்வானின் மூன்று மாத உத்தரவாதம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மெஷின் இன்னும் ஓடுகிறது. இடித்தால் முதலில் அதன் பிளக்கைத்தான் கழற்றுகிறேன்.

மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் சிலர் இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நினைவகம், சேமிப்பகம், பற்றரி எல்லாம் சொல்லிக் கொடுப்பேன், அவை தேவைதான். ஆனால் அவற்றுக்கு முன், அதில் யார் என்ன பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பேன். அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பேன். வாசலில் இருத்தாதீர்கள்.