லீட்ரிம் மேல் ஒரு வயிற்றெரிச்சல்

எங்கள் குடியிருப்பில் ஆறு வீடுகளுக்கும் சேர்த்து நிலக்கீழ் அறையில் ஒரே ஒரு சலவை இயந்திரம் இருக்கிறது. முறை வைத்துத்தான் தோய்க்க வேண்டும். எங்கள் முறை வியாழக்கிழமை. போன வசந்தத்தில் ஒரு வியாழன், நான் கொடியில் உடுப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு ஃப்ராவ் மோசர் தன்னுடைய கூடையை எடுக்க வந்தார். கொடியில் தொங்கிய பச்சையும் மஞ்சளுமான விளையாட்டுச் சட்டையைக் கண்டு, இது எந்த நாடு என்று கேட்டார். நான் "இர்லாண்ட்" என்றேன். ஜெர்மன் மொழியில் அயர்லாந்துக்கு அதுதான் பெயர். ஆனால் "ஈர் லாண்ட்" என்றால் "உங்கள் நாடு". என் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"என்னுடைய நாடா? இல்லை இல்லை, எங்கள் சுவிஸ் சட்டை சிவப்பு" என்று சிரித்தார். பிறகு என்னைச் சுட்டி, "அப்படியென்றால் உங்களுடையதா?" என்றார். அவர் கேட்டது நாட்டை. நான் சட்டையை என்று நினைத்து, "இல்லை, மகளுடையது" என்றேன். "ஆ, நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் படியேறிப் போய்விட்டார். கையில் ஈரச் சட்டையுடன் நின்ற எனக்கு, அவர் சரியாகத்தான் விளங்கிக்கொண்டு போகிறாரோ என்ற எண்ணம் வந்தது.

மகள் ஆரணி இங்கே வின்டர்தூரில் பிறந்தவள், மருத்துவமனையில் தாதி. நான் இதே நகரத்தில் பேருந்து ஓட்டுகிறேன். அவளுடைய பிரிவில் மூத்த தாதியாக இருப்பவள் மேவ் என்ற ஐரிஷ்காரி. என் வயதுதான் இருக்கும். மேவ் ஓய்வு நாட்களில் பெண்கள் அணியொன்றுக்குத் தன் நாட்டுக் காற்பந்தைப் பழக்குகிறாள். அயர்லாந்துக்காரிகள் மட்டும் போதாததால் சுவிஸ், பிரெஞ்சு, ஸ்பானியப் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறாள். அப்படித்தான் ஆரணியும் போனாள். பந்தைக் கையில் ஏந்தியபடி ஓடலாம், காலால் தட்டி மறுபடியும் கைக்கு எடுக்கலாம், உதைக்கலாம், மூடிய கையால் குத்தலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. முதல் நாள் பார்த்தபோது எனக்கு நடுவர் இல்லாத சண்டை போலத்தான் இருந்தது.

அந்த முதல் ஞாயிறு, ஆட்டம் முடிந்ததும் மேவ் என் பக்கத்தில் மர வாங்கில் வந்து உட்கார்ந்து தேநீர் ஊற்றித் தந்தாள். மருத்துவமனையில் பழகிய ஜெர்மனில், எனக்காக மெதுவாகக் கதைத்தாள். அவள் லீட்ரிம் என்ற மாவட்டத்துக்காரி, ஆரணியின் சட்டையிலுள்ள பச்சையும் மஞ்சளும் அதன் நிறங்கள்தான். அயர்லாந்திலேயே சனம் ஆகக் குறைந்த மாவட்டம். அங்கே ஒவ்வொரு "பாரிஷ்"க்கும் ஒரு கழகம். எங்கள் பக்கத்தில் முன்பு கோயிற்பற்று என்பார்களே, ஒரு கோயிலைச் சேர்ந்த ஊர்ப்பகுதி, அதுதான். எந்தப் பற்றில் பிறந்தாயோ அந்தப் பற்றுக்கு ஆட வேண்டும், சம்பளம் இல்லை. மாகாணக் கிண்ணத்தை லீட்ரிம் இதுவரை இரண்டே இரண்டு தடவைதான் வென்றிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனித ஆயுள் கழிந்துபோனது. மற்ற வருடங்களெல்லாம் தோல்வி. இளந்தாரிகள் எல்லோரும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறிய காலத்தில் அவளுடைய பற்றில் ஓர் அணிக்குக்கூட ஆள் தேறவில்லையாம். பரம்பரை எதிரியான பக்கத்துப் பற்றோடு சேர்ந்து ஆடினார்களாம். "அந்த அவமானத்தை என் பாட்டன் சாகும்வரை மறக்கவில்லை" என்றாள்.

இரண்டாவது வெற்றியின்போது மேவுக்கு இருபது வயதளவில். தகப்பன் அதற்கு முந்தின வருடம் இறந்துவிட்டார். வென்ற அன்று மாலை தாய் பச்சை மஞ்சள் கொடியொன்றை எடுத்துக்கொண்டு தனியாக நடந்துபோய்க் கல்லறையில் குத்திவிட்டு வந்தாளாம்.

"அவருக்கு யாராவது சொல்லத்தானே வேண்டும்" என்றாள் மேவ்.

நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். அப்போது ஆரணி குறுக்கே வந்தாள். "கொடியில்லை, மேவ். கழுத்துத் துண்டு. போன முறை அப்படித்தானே சொன்னீர்கள்?" மேவ் யோசித்து, "ஓ, சரி, துண்டுதான்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருவரின் கல்லறையில் கிடந்தது துணியா கொடியா என்பதுவரை என் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும்போது கார் ஓடியது அவள். நான் கேட்டேன், "எங்கட ஊர்க் கழகத்தின்ரை பேர் உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே."

"ஊரைப் பற்றி எவ்வளவு சொல்லியிருக்கிறன்!"

"ஓம் அப்பா, சொல்லியிருக்கிறியள். ஓடினது, பங்கருக்குள்ளை இருந்தது, பாஸ்போர்ட் இல்லாமல் வந்தது. அங்கை ஆரும் விளையாடினதாச் சொல்லேல்லை." கியரை மாற்றிக்கொண்டு, "மேவும் அழுத கதை சொல்லுறவதான். ஆனால் ஆர் எத்தினை கோல் அடிச்சவை எண்டும் சொல்லுவா" என்றாள்.

அன்றிரவு முழுவதும் வயிறு எரிந்தது. வென்றவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது உலக வழக்கம். எனக்கோ அவர்கள் தோற்ற கணக்கின் மேல்தான் பொறாமை. எத்தனை தலைமுறைத் தோல்வி, ஒன்றுகூடத் தொலையாமல் இருக்கிறது! எங்கள் ஊர் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பிற்காலத்தில் காணிகளைத் துண்டு துண்டாகத் திரும்ப விட்டார்கள். விடப்பட்ட துண்டுகளுக்குள் மைதானம் வரவில்லை. கழகக் கட்டடத்தில் தொங்கிய படங்களும் கிண்ணங்களும் என்னவாயின என்று யாருக்கும் தெரியாது.

பொறாமை மனிதனைச் சும்மா இருக்க விடாது. எங்கள் கழகத்தின் வரலாற்றை நானே திரட்டி ஆரணிக்குச் சொல்லுவது என்று தீர்மானித்தேன். கழகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் சண்டை மறுபடி தொடங்கும். முதலில் பாரிஸில் இருக்கும் இராசன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர். பிறகு ரொறன்ரோவில் இருக்கும் குகன். அவன் கோல் காப்பாளன். நானோ மாற்று ஆட்டக்காரர்களிலும் கடைசி ஆள், எலுமிச்சம்பழம் வெட்டிக் கொடுத்ததுதான் அதிகம். அதனால் கேட்டு எழுதிக்கொள்ள மட்டுமே எனக்குத் தகுதி இருந்தது.

எங்கள் கடைசி இறுதியாட்டம் இடைவேளைக்குப் பிறகு தொடங்கவேயில்லை. இராணுவ ஹெலிகொப்டர் வந்தது, சனம் சிதறியது, அந்த மாதமே ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அந்த ஆட்டத்தில் அப்போது நிலைமை என்ன என்று கேட்டேன். "ரெண்டுக்கு ஒண்டு, நாங்கள் முன்னுக்கு. ரெண்டாவது என்ரை தலையாலை போனது" என்றார் இராசன் அண்ணை. குகனோ, "ஒண்டுக்கு ஒண்டு. அண்ணையின்ரை தலையாலை போனது கம்பத்திலை பட்டு வெளியாலை போனது" என்றான். சரி, சட்டை நிறமாவது சொல்லுங்கள் என்று இருவரையும் ஒரே அழைப்பில் இணைத்தேன். நீலம் என்றார் ஒருவர், ஊதா என்றான் மற்றவன். முடிவில் இராசன் அண்ணை, "உவன் கண் தெரியாமல்தானே அவ்வளவு கோலையும் விட்டவன்" என்று கத்தித் தொலைபேசியை வைத்துவிட்டார். அதோடு இருவரும் கதைப்பதில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகக் கதைத்து வந்தவர்கள்.

அடுத்த பயிற்சி நாளில் ஆரணியைக் கூட்டிவரப் போனபோது மேவிடம் இதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னேன். அவள் வேடிக்கையாக எடுக்கவில்லை. "அந்த இரண்டு பேரும் இப்போது எங்கே ஆடுகிறார்கள்?" என்று கேட்டாள். அவர்களுக்கு அறுபது வயதென்று சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, ஊர்விட்டுப் போனவர்களின் அணிகளைப் பற்றித்தான் அவள் கேட்டிருக்கிறாள். லண்டனில் குடியேறிய ஐரிஷ்காரருக்கும் நியூயோர்க்கில் குடியேறியவர்களுக்கும் அணிகள் உண்டாம். அவை ஏதோ பொழுதுபோக்குப் போட்டியில் ஆடுவதில்லை. லீட்ரிம் ஆடுகிற அதே மாகாணக் கிண்ணத்துக்கு, லீட்ரிமுக்கு எதிராகவே ஆடுகின்றன. சில வருடங்களுக்கு முன் நியூயோர்க் அணி லீட்ரிமைத் தோற்கடித்தும் விட்டதாம். சொல்லும்போது அவள் முகத்தில் துக்கமும் பெருமையும் சேர்ந்து வந்தன. கடல் கடந்தவனுக்கும் ஊர்ப் போட்டியில் ஓரிடம் வைத்திருக்கிறார்கள்! பாரிஸும் ரொறன்ரோவும் வின்டர்தூரும் வடமாகாணக் கிண்ணத்துக்கு ஆடுவதாக ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் மேவ் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். தொலைக்காட்சியில் லண்டனுக்கும் லீட்ரிமுக்கும் ஆட்டம். கட்டட வேலைக்கென்று லண்டன் போன அவளுடைய அக்கா மகன் லண்டன் அணியில். எதிரே லீட்ரிம் அணியில் அவளுடைய பற்றுப் பையன்கள். என் மனைவி பொரித்துத் தந்த மீன் ரோல்களோடு போய் உட்கார்ந்தோம். மேவ் பச்சை மஞ்சளில்தான் இருந்தாள். பாதியாட்டத்தில் அக்கா மகன் ஓடிவந்து பந்தைக் கம்பத்துக்கு மேலால் அனுப்பினான். மேவ் துள்ளி எழும்பினாள். முழுதாக எழும்புவதற்குள் அது லீட்ரிமுக்கு எதிரான புள்ளி என்ற ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்தாள். கை மட்டும் மேலே நின்றது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் ஒரு ரோலை எடுத்தாள்.

ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கோ அந்த அரை எழும்பலின் மேலும் பொறாமை வந்தது. இரண்டாகக் கிழிவதற்குக்கூட அவர்களுக்கு ஒரு மைதானம் இருக்கிறது, நடுவர் இருக்கிறார், முடிவில் ஓர் எண்ணிக்கை இருக்கிறது. அன்று லீட்ரிம் வென்றது. மேவ் அழுதாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஆரணி, "அப்பா, அந்த நீலம் ஊதா ஆக்களின்ரை நம்பர் தாங்கோ" என்றாள்.

"ஏன்?"

"ரெண்டு பேரையும் நான் தனித்தனியாக் கேக்கிறன். உங்களுக்கு ஆர் சரி எண்டு தெரியவேணும். எனக்கு ரெண்டும் வேணும்."

கொடுத்தேன். அவள் அவர்களோடு என்ன கதைத்தாள் என்பதை முழுவதும் என்னிடம் சொல்லவில்லை. இராசன் அண்ணை மட்டும் ஒருநாள் எனக்கு அழைத்து, "உன்ரை பிள்ளை நல்லாக் கேள்வி கேக்குது. நீ இப்பிடி ஒருநாளும் கேக்கேல்லை" என்றார். அவர் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

இந்த ஆவணி மாதம் வின்டர்தூரிலேயே ஒரு போட்டி நடந்தது. பல நாட்டு நகரங்களிலிருந்து அணிகள் வந்தன. பற்றிக் என்ற மேவின் தம்பியும் ஊரிலிருந்து வந்திருந்தான். மாடு வளர்க்கிறவன், முகமும் கழுத்தும் வெயிலில் சிவந்திருந்தன. நான் யாரென்று தெரியாமல் எல்லைக்கோட்டருகே என் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தவன், பந்தோடு ஓடிய ஆரணியைக் காட்டி ஆங்கிலத்தில் என்னிடம் ஏதோ கேட்டான். விளங்கவில்லை. திரும்பக் கேட்டான். அவள் யாருக்குச் சொந்தம், யாருடைய பிள்ளை என்று கேட்கிறான் என்று மெல்ல மெல்லப் புரிந்தது.

இந்த நாட்டில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, எங்கிருந்து வருகிறீர்கள் என்பதுதான். பேருந்தில், அலுவலகத்தில், வைத்தியரிடம், எல்லா இடத்திலும் அதுவே. "நீ ஆற்றை பிள்ளை?" என்று எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை மறித்துக் கேட்பார்களே, அந்தக் கேள்வியை ஒரு செம்முகத்து மாட்டுக்காரன் வாயிலிருந்து கேட்பேன் என்று நினைத்ததில்லை.

"மைன்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே மிகச் சத்தமான சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும். பற்றிக் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, இவர்தான் தகப்பன் என்று அறிவித்தான். அவர்கள் எனக்கு இடம் விட்டார்கள்.

அந்நேரம் ஆரணி இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போய்ப் பந்தை வலைக்குள் அடித்தாள். கம்பத்தருகே நின்ற நடுவர் கோலுக்கான பச்சைக்கொடியை அசைத்தார். பற்றிக்கும் மேவும் சுற்றி நின்றவர்களும் அவளைத் தங்கள் பிள்ளை என்று கூவினார்கள். நானும் கத்தினேன். "எங்கட பிள்ளை" என்றுதான் கத்தினேன், ஆனால் அந்தக் கூச்சலில் அது எனக்கே கேட்கவில்லை. அவள் எங்கள் பக்கம் திரும்பி ஓடி வந்தாள். அவள் பார்வை முதலில் யார் முகத்தில் விழும் என்று எனக்குப் பதறியது. வெட்கமில்லாமல் பற்றிக்கை இடித்து ஓரடி முன்னால் போனேன்.

கோட்டு நடுவராக நின்ற சுவிஸ் இளைஞன் என் காலைப் பார்த்தான். "வெளியே நில்லுங்கள், ஐயா" என்று மரியாதையாக ஜெர்மனில் சொன்னான். குனிந்து பார்த்தேன். ஒரு சப்பாத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே புல்லில் இருந்தது. மற்றது உள்ளே. "யா, யா" என்று சொன்னேன். ஆரணி இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தாள். நான் காலை எடுக்கவில்லை.