பதுளையில் செதுக்கிய கடிகார முகம்

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, என் தாய்மாமா சின்னையாவைக் கூட்டிக்கொண்டு பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் போய்வந்தேன். ஊர் சுற்ற அல்ல, ஒரு கைக்கடிகாரத்தை வாங்கிவர. மாமா இருபத்தைந்து வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டியவர். பார்வை மங்கியதும், காலை ஐந்து மணிக்குத் தொழிலாளர்களை வேலைக்குத் திரட்டும் பெரட்டு மணி அடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பிறகு பார்வை அடியோடு போய்விட்டது. ஒரு நாள் நாலு மணிக்கே அடித்துவிட்டார். வரிசை வீடுகளான லயம் முழுக்க எழுந்து வந்து பனியில் ஒரு மணி நேரம் நடுங்கியது. யாரிடமாவது மணி கேட்டு அடிக்கலாமே என்பீர்கள். அன்றைக்கு அடித்தது அப்படிக் கேட்டுத்தான்! இன்னொரு தரம் பிசகினால் வேலை இல்லை என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். அதுவும் போனால் மாமா மூலையில் முடங்கிவிடுவார் என்று பயந்தேன்.

காலை ஆறரைக்கு பஸ். பண்டாரவளைக்கு எட்டு மைல்தான், ஆனால் அந்த வளைவுகளில் முக்கால் மணி நேரம். வெறும் வயிற்றோடு ஏறுங்கள். அங்கிருந்து பதுளைக்கு ரயிலில் சுமார் இருபது மைல். தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. ஜன்னலோரம் இடம் பிடிக்க வெட்கப்படாதீர்கள்.

பதுளை பஜாரில் கடிகாரக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம், தடவியே மணி பார்க்கும்படி மாற்றித் தரச் சொல்லி, முன்பே ஒரு பழைய கடிகாரத்தைக் கொடுத்திருந்தேன். கண்ணாடிக்குப் பதில் திறந்து மூடும் வெள்ளி மூடி. முகத்துக்கான வெள்ளித் தகட்டைக் குங்கிலியப் பிசினில் பதித்து, பின்பக்கமிருந்து சிற்றுளியால் தட்டித் தட்டிப் புடைக்க வைத்து, பிறகு திருப்பி முன்பக்கம் செதுக்கியிருந்தார். பன்னிரண்டில் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும், ஐந்தில் ஒரு குட்டி மணி, மற்றவற்றில் மேடுகள். முள் தட்டாமல் இருக்க உருவங்களெல்லாம் விளிம்பிலேயே நின்றன. நான் கண்ணை மூடி விரலால் தடவி, சரியாக மணி சொல்லிவிட்டேன். பெருமை தாங்கவில்லை.

மாமா கட்டைவிரலை வைத்தார். தடவினார். மறுபடியும் தடவினார்.

"ஒண்ணும் தெரியலையே மாப்ள. வழவழன்னு இருக்கு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சாக்பீஸ் பிடிக்கும் என் வாத்தியார் விரலால் சோதித்தேனே தவிர, காய்த்துப்போன மாமாவின் விரலை ஒரு தரம்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் அழுத்திய அழுத்தில் நிமிட முள்ளும் நகர்ந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் உயர்த்த முடியாதா நானா?"

"உயர்த்தினா முள்ளு முட்டி நிண்டுரும் தம்பி," என்றார் நானா, முள்ளைச் சரி செய்தபடி. "பெரியவர் கவலப்படாதீங்க. என்ட விரலும் மரத்துப் போச்சு. பிசிறு இருக்கா எண்டு உதட்டுல வச்சுத்தான் நானும் பாக்குறது."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக் கூலி நாற்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டோம். இரண்டே காலுக்குத் திரும்பும் ரயில். ஊரில் என்ன சொல்வது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தெமோதரைச் சுரங்கத்தில் ரயில் நுழைந்தது. பெட்டியில் விளக்கு எரியவில்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"மூணு அடிக்க அஞ்சு நிமிஷம் மாப்ள."

வெளிச்சம் வந்தபோது பார்த்தேன். கடிகாரத்தைக் கீழுதட்டில் ஒற்றி வைத்திருந்தார். மணி சரியாக இருந்தது. முள்ளும் நகரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்படி ஒரு கடிகாரம் செய்விக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கட்டப்போகிறவரை முதல் நாளே கடைக்குக் கூட்டிப் போங்கள். விளிம்புப் பிசிறை நன்றாக வழிக்கச் சொல்லுங்கள், உதடு கிழியும். தூசி அடையும், மாதம் ஒரு தரம் துடையுங்கள்.

திங்கட்கிழமை விடியலில் பெரட்டு மணி கேட்டதும் என் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. என்னுடையதைத் திருத்திக்கொண்டேன்.