நூற்றிருபதில் அடித்த மணி

போன வெள்ளிக்கிழமை என் கார் என் மானத்தை வாங்கிவிட்டது. தப்பு கார் மேல் இல்லை. டிரைவர் மேல். டிரைவர் — அடியேன்.

அது ஜப்பான் கார். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். ஆனால் அந்தக் கம்பெனியின் வரலாறு... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குவைத்தில் நாங்கள் இருக்கும் ஃபஹாஹீலில் என்னிடம் லிஃப்ட் கேட்ட அத்தனை பேரும் அதைக் கேட்டாக வேண்டும். இப்போதெல்லாம் யாரும் லிஃப்ட் கேட்பதில்லை.

அன்று மதியம் எதிர் ஃபிளாட் ஸ்டெல்லாவுக்குப் பிரசவ வலி. குளச்சல் பெண், நர்ஸ். கணவருக்கு எண்ணெய் வயலில் டியூட்டி. வந்து சேர நேரமாகும். ஆஸ்பத்திரியோ குவைத் சிட்டியில். பின் சீட்டில் அவளையும் துணைக்கு என் மனைவி மாலதியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழக்கம்போல எண்பது கிலோமீட்டர் வேகத்தில்.

பயந்திருக்கும் பெண்ணுக்குப் பேச்சுக்கொடுக்க வேண்டாமா?

"இந்தக் கம்பெனிக்காரங்க மொதல்ல தறிதான் செஞ்சாங்கம்மா. நூல் அறுந்தா தானா நின்னுடுற தறி! அந்த முதலாளியோட மகன்தான் அப்புறம்..."

"அண்ணா!" ஸ்டெல்லா பல்லைக் கடித்தாள். "அவரு மகன் கதை பெறவு. எனக்க பிள்ளை இங்கனயே வந்துரும். வேகமா விடுங்க!"

மிதித்தேன். நூறு... நூற்றுப்பத்து... நூற்றிருபது.

டிங்... டிங்... டிங்...

வியர்த்துவிட்டது எனக்கு. ஆறு வருஷமாக ஓட்டுகிறேன், இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை. எஞ்சினில் என்னவோ அறுந்துவிட்டது! தறி செய்த பரம்பரை ஆயிற்றே, இயந்திரமே எச்சரிக்கிறது... ஓரங்கட்டி, இறங்கி, பானெட்டைத் திறந்தேன்.

"என்னங்க பண்றீங்க?" மாலதி அலறினாள்.

"வண்டில கோளாறு. மணி அடிக்குது!"

"ஐயோ, நூத்திருபதைத் தாண்டினா அடிக்கிற மணிங்க அது! எங்க ஆபீஸ் வேன்ல தினமும் அடிக்குது!"

எனக்கு எப்படித் தெரியும்? எண்பதைத் தாண்டியிருந்தால்தானே?

அடுத்த சத்தம் ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது. உண்மையாகவே நடுங்கிப்போனேன். என் அசட்டுத்தனத்தால் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்...? பானெட்டை அறைந்து மூடினேன். மணி அடிக்க அடிக்கப் பறந்தேன்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

நம்மில் பலர் இப்படித்தான். ஒரு பொருளின் பூர்வீகமெல்லாம் தெரியும். அதோடு வந்த கையேட்டைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ். காரைக் கழுவித் துடைத்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஸ்டெல்லா குழந்தையோடு டாக்ஸியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணா சிரமம்!"