சனிக்கிழமை மீன்

பிள்ளைகளே, போன வாரம் வந்த நாய்க்குட்டியும் நம் வீட்டுப் பூனையும் ஒத்துப்போகவே போகாது, ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறீர்கள். ஒன்றையும் கொடுக்க வேண்டாம். ஒத்துப்போகும். அப்பா அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் இந்த ஒரு பாடத்தை உங்கள் வயதிலேயே படித்துவிட்டேன்.

அப்போது நாங்கள் மஸ்ஜித் தானா ஊரில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். என் அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஒருநாள் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பழுப்பு நாய்க்குட்டியைச் சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்தார். சாக்கை அவிழ்த்ததும் அது நேராகப் பூனையிடம் ஓடி வாலை ஆட்டியது. பூனை அதன் மூக்கில் ஒரு கோடு போட்டுவிட்டு, பின்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அங்கே ஒரு மலாய்க்கார அம்மா தனியாக இருந்தார். அத்தை என்பதுபோல மக்சிக் என்று கூப்பிடுவோம். தோட்டத்தில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே வரும், பேச்சின் முடிவில் ஒரு 'லா' மட்டும் ஒட்டிக்கொள்ளும். முன்பும் பூனை பாதி நாள் அவர் மடியில்தான் கிடக்கும். இப்போது முழுசாக அங்கேயே குடியேறிவிட்டது.

எங்கள் வீட்டிலோ பூனைக்கு ஒரு வேலை இருந்தது. அம்மா வடை சுட்டுக் கடைகளுக்குப் போடுவார். உளுந்து மூட்டைக்குப் பூனைதான் காவல். காவல் போனதும் எலி மூட்டையைக் கடித்துவிட்டது. அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம லோரி சிம்பாங் அம்பாட் போவுதில்ல? அதுக்குள்ள பூனை வரலன்னா, இந்தக் குட்டி வந்த சாக்குலயே திரும்பிப் போவட்டும்."

"குட்டி என்னம்மா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. எலியும் புடிக்கல."

நான் ஓடிப்போய்ப் பூனையைத் தூக்கிவந்து குட்டியின் எதிரே வைத்தேன். இந்த முறை கோடு என் கையில் விழுந்தது. எங்களோடு இருந்த என் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பொண்ணு பாக்க வந்த மாதிரி மூஞ்சிக்கு மூஞ்சி ஒக்கார வச்சா, அது வேற என்னடா பண்ணும்?"

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஓடிப்போகிற வழியில் பூனை குட்டியின் வெறும் சாக்கை மட்டும் நின்று மோந்து பார்த்தது. சீறவில்லை. சரி, முதலில் மூக்கு பழகட்டும் என்று முடிவு செய்தேன். சாக்கில் பாதியை வெட்டி எடுத்துப்போய், மக்சிக் வீட்டுச் சமையற்கட்டுப் படியில் பூனைக்கு மெத்தையாக விரித்தேன்.

மக்சிக் வந்து பார்த்தார். "இது என்ன சாக்குலா?"

"நாய்க்குட்டி படுக்கிற சாக்கு, மக்சிக். பூனை வீட்டுக்கு வரலன்னா ஞாயித்துக்கெழம குட்டிய அனுப்பிடுவாங்க."

அவர் துடைப்பக் கட்டையால் சாக்கைத் தூக்கிச் சுவர்மேல் போட்டார். படியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா என் காதைத் திருகினார். "நாய் படுத்தத அவங்க வாசல்லயா விரிப்ப? தொழுவுற வீடுடா அது!"

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவு சாத்தியே இருந்தது. பூனை படியில் நின்று கத்திக்கொண்டிருந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "மீன் இல்லலா. ஒன் வீட்டுக்குப் போ."

என்மேல் உள்ள கோபத்தைப் பூனைமேல் காட்டுகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பின்பக்கம் போனால், பூனை சுவர்மேல் அதே சாக்கில் உட்கார்ந்து பொரித்த கெம்போங் மீன் தின்றுகொண்டிருந்தது. கீழே கட்டியிருந்த குட்டி வாலை ஆட்டியது. பூனை ஒருமுறை பார்த்தது. மறுபடியும் தின்றது. பிறகு முகம் கழுவி, எங்கள் பக்கம் குதித்து, குட்டியைச் சுற்றிக்கொண்டு போய் உளுந்து மூட்டைமேல் படுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை லோரி குட்டி இல்லாமல் போனது. கொஞ்ச நாளில் இரண்டும் ஒரே சாக்கில் உருண்டன. எல்லாம் என் சாக்கு யோசனைதான் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மக்சிக்கிடமும் சொன்னேன். "கெட்டிக்காரன்லா நீ" என்றார். நாயோடு படுத்து எழும் பூனையை அதன்பிறகு அவர் மடியில் ஏற்றவில்லை. தள்ளி நின்று கூப்பிட்டுப் பேசுவதோடு சரி.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை கவிச்சி கிடையாது. அன்றைக்கு எங்கள் அடுப்பில் மீன் ஏறவே இல்லை. சுவர்மேல் அந்த மீன் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை, பிள்ளைகளே.

இன்று காலை நீங்கள் பள்ளிக்குப் போனதும் ஒரு கெம்போங் பொரித்தேன். குட்டியைத் தள்ளிக் கட்டிவிட்டு, அது படுக்கும் துண்டைப் பின்வாசலில் விரித்து, மீனை அதன்மேல் வைத்தேன். பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். அது கதவைப் பிராண்டி என்னைக் கூப்பிட்டது. நான் தாழ்ப்பாளில் கை வைத்தபடி உள்ளேயே நின்றேன். திறக்கவில்லை.