உள்ளே இருந்த ஈரம்

ரிமோட் கார்களைத் தண்ணீரிலிருந்து காப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த அவரைப் பலூன்காரர் என்றே எல்லோரும் அழைத்தார்கள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் சிறு பெட்டியைப் பலூனுக்குள் நுழைத்து, கம்பிகள் வெளிவரும் கழுத்தை இறுகக் கட்டிவிடுவது அவருடைய முறை. சர்க்யூட் பலகைக்கு நிறமற்ற நகப்பூச்சு, பிளக்குகளுக்கு கிரீஸ், மூடியின் விளிம்புக்கு சிலிக்கான் பசை. பேட்டரியை மட்டும் பலூனில் அடைக்கமாட்டார். "அது சூடாகுற ஜீவன், மூச்சு விட இடம் வேணும்" என்பார்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தக் கடையில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நின்றாகவேண்டும். ஒரு நாள் காலையில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் சொட்டச் சொட்டத் தம் காரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணே, குட்டையில முங்கிக் குளிச்சுட்டான். சீக்கிரம் பசை போட்டு மூடிக் குடுங்க, சாயங்காலம் போட்டி."

"குளிச்சவனுக்குத் தலை துவட்டாம தொப்பி மாட்டுவீங்களா? மொதல்ல பேட்டரியைக் கழட்டணும். அப்புறம் பொட்டு ஈரம் இல்லாம காயணும். பசை அதுக்கப்புறம்தான்."

"போட்டி போயிடுமேண்ணே!"

"போட்டி போனா இன்னொண்ணு வரும். ஈரத்தை உள்ள வெச்சு மூடினா, வண்டியைக் கெடுக்க வெளியிலேருந்து தண்ணி வரவே வேணாம்."

ஓட்டுநர் முனகிக்கொண்டே இறங்கிப் போனார். அவர் போன சற்று நேரத்தில், பலூன்காரரின் காலமான தம்பியின் மனைவி படியோரம் வந்து நின்றாள்.

"மாமா, வீட்டைக் காலி பண்றேன். பொண்ணுக்கு வேலை கிடைச்ச ஊருக்கே போறேன். போறதுக்கு முன்னாடி அவரு வண்டி ஓடுறதை ஒரு தடவை பாக்கணும்." பரணைப் பார்த்தபடியே கேட்டாள். "ஓடுமில்ல?"

"ஏம்மா ஓடாம? நான் அடைச்ச வண்டி. நாளைக்குக் காலையில வா."

பரணில் இருந்தது அந்தச் சிவப்புக் கார். மழையில் நடந்த ஒரு பந்தயத்தில் அதை ஓட்டி வென்ற தம்பி, சேறும் சிரிப்புமாகக் கடைக்கு வந்து மேசைமேல் வைத்து, "கடலே வந்தாலும் நீ அடைச்சதைத் திறக்க முடியாதுண்ணா" என்று மூடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். காய்ச்சலில் படுத்தவன் பிறகு எழவில்லை. மூடியில் ஒட்டியிருந்த சேற்றில் அவனுடைய கட்டைவிரல் பதிந்திருந்தது. அதைத் துடைக்க அண்ணனுக்குக் கை வரவில்லை. தம்பி கடைசியாகத் தொட்ட மூடியைத் திறக்கவும் மனம் வரவில்லை. பேட்டரியைக்கூடக் கழற்றாமல், விளிம்பு முழுவதும் மறுபடியும் பசையை ஓட்டி, மேலே ஏற்றிவைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் கடையின் கதவைச் சாத்திக்கொண்டு பசையைக் கத்தியால் கீறினார். மூடி எழுந்ததும் புளித்த நாற்றம் ஒன்று முகத்தில் அடித்தது. பேட்டரி தலையணையைப் போல உப்பியிருந்தது. பந்தயத்தின்போதே பலூனின் கழுத்துக் கட்டு நழுவியிருக்கவேண்டும். உள்ளே பெட்டியின் ஊசிகள் பச்சை பூத்து உதிர்ந்தன. சக்கரத்தைத் திருப்பும் மோட்டார் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அன்றே திறந்து உலர்த்தியிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாய் ஓயாமல் சொன்னதைத் தாமே செய்யத் தவறிய மனிதர், கத்தியைக் கீழே வைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்தார். புதிய பேட்டரி, புதிய பெட்டி, புதிய மோட்டார். பழக்கத்தின்படி அளவுகோலை வைத்துப் பார்த்து, முன்சக்கரங்களை இம்மியும் பிசகாமல் நேராக நிறுத்தினார். மூடியை மட்டும் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து மாட்டினார்.

மறுநாள் காலையில் ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தின் இடது ஓரத்தில் அவள் போய் நின்றாள். அவர் ரிமோட்டை அழுத்தினார். சிவப்புக் கார் சீறிப் புறப்பட்டு, கோடு கிழித்தாற்போல் ஓடி, அவளைக் கடந்து, எதிர்ச்சுவரருகே போய் நின்றது.

அவள் முகம் மலரவில்லை.

"நேராப் போகுது மாமா."

"ஆமாம்மா, நல்லா..."

"அவரு வண்டி இடது பக்கமா இழுக்கும். நான் எப்பவும் இந்த ஓரத்துலதான் நிப்பேன். 'இதைச் சரி பண்ணக் கூடாதா'ன்னு கேட்டா, 'அது உன்னைப் பாக்க வருது, உனக்கென்ன வலிக்குதா'ம்பாரு."

பலூன்காரரின் கட்டைவிரல் ரிமோட்டில் காரைத் திருப்பும் குமிழைத் தேடிப் போயிற்று. சற்றே இடப்புறம் திருகினால் போதும், கார் அவளிடம் போகும். விரலை எடுத்துக்கொண்டார்.

"ஈரத்தோட மூடிட்டேம்மா. உள்ள எல்லாம் அழிஞ்சு போச்சு. எல்லாம் நான் புதுசா வெச்சது. மூடி மட்டுந்தான் அவனோடது."

அவள் நடந்துபோய்க் காரின் அருகில் உட்கார்ந்தாள். காய்ந்த சேற்றில் பதிந்திருந்த விரல்குறியைப் பார்த்ததும் அவள் தோள்கள் குலுங்கின. அவர் தள்ளியே நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து கொக்கிகளை விடுவித்து மூடியை அவள் கையில் கொடுத்தார். அவள் பையிலிருந்து ஒரு பாலித்தீன் உறையை எடுத்து, அதற்குள் மூடியை நுழைத்து, வாயை முடிச்சுப் போடப் போனாள்.

"அடைக்காதேம்மா" என்றார் அவர். "காத்துப் படட்டும்."