பாராட்டெல்லாம் கம்பெனிக்கு

எங்க வீட்டுக்காரரை அவர் பேண்டுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்லை. "கம்பெனி"ன்னுதான் கூப்பிடுவாங்க. பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். கல்யாணத்துக்கு முந்தி வாங்கின ஒரு பெரிய கம்பெனி பேஸ்தான் இன்னிக்கு வரைக்கும். அந்தக் கம்பெனி செஞ்சதைத் தவிர மத்ததெல்லாம் அவருக்கு விறகு. அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்கணுமே, ஏதோ இவங்க தாத்தா முதல் போட்டு ஆரம்பிச்ச கம்பெனி மாதிரி!

கம்பியைக்கூட மாத்த மாட்டார். பேஸ்காரங்கள்ல இப்படி ஒரு கூட்டமே இருக்கு. பழசாக ஆகத்தான் சத்தம் கனியுமாம். வாழைக்காயா அது?

இன்னொரு பேண்டுல ஒருத்தர் இருக்கார். வேற கம்பெனி பேஸ் வாசிக்கிறவர், அதனால எங்க வீட்ல அவருக்குப் பேர் எதிர்க்கட்சி. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டா ஆரம்பிச்சுடுவாங்க.

"என்னய்யா, இன்னும் அந்தக் கட்டிலைத்தான் தூக்கிட்டு அலையறியா?"

"கட்டில்ல நிம்மதியாத் தூங்கலாம்டா. உன்னோடது முக்காலி, உட்காரவே பயமா இருக்கும்."

அடிச்சுக்கவும் செய்வாங்க, ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடவும் செய்வாங்க. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. என் வருத்தம் வேற. வாசிச்சு முடிச்சதும் யாராவது வந்து, "சார், இன்னிக்கு உங்க வாசிப்பு நெஞ்சுல வந்து உட்கார்ந்துடுச்சு"ன்னு சொன்னா, ஒரு நன்றி சொல்லிட்டு வாங்கிக்க வேண்டியதுதானே? மாட்டார். பேஸோட தலையில இருக்கிற எழுத்தைக் காட்டி, "எல்லாம் கம்பெனி தயவு"ன்னுடுவார். ரொம்ப நாள் நான் அதைத் தன்னடக்கம்னு நினைச்சேன். அந்தக் கம்பெனியில இப்படி ஒரு ஆள் உயிரோட இருக்கிறதாவது தெரியுமா?

போன வருஷம் இடது தோள்பட்டை மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. கையைத் தூக்கிச் சட்டை போட முடியலை, நான்தான் மாட்டி விடணும். டாக்டர் ஒளிவுமறைவில்லாம சொல்லிட்டார், அந்தக் கனத்தை இனிமே தோள்ல மாட்டினா கையே தூக்க வராதுன்னு. நான் கடைகடையா ஏறி இறங்கி, லேசா ஒரு பேஸ் பார்த்து வெச்சேன். பேர் தெரியாத கம்பெனி, ஆனா தூக்கினா தூக்கின மாதிரியே இல்லை. இவர் கடை வாசல்லயே நின்னுட்டார், உள்ளே வரலை.

"நான் மிதிக்கிற தையல் மெஷினைக் கொடுத்துட்டு மோட்டார் மெஷின் வாங்கினப்போ ஒப்பாரி வெச்சேனா? இன்னிக்கும் என்கிட்டதானே எல்லாரும் தைக்கக் கொடுக்கறாங்க?"ன்னு கேட்டேன்.

"உனக்குப் புரியாது. அதை மாட்டிக்கிட்டா நான் வெறும் ஆள்"னார்.

அப்பதான் எனக்குப் பகீர்னுச்சு. இது விசுவாசமில்லை, பயம். அந்தப் பேஸ் இல்லைன்னா தான் ஒண்ணுமேயில்லைன்னு மனுஷன் நிஜமாவே நம்பிக்கிட்டிருக்கார்! இப்படியே விட்டா வாசிப்பையே விட்டுட்டு மூலையில உட்கார்ந்துடுவார். வாசிக்காத அவரை எனக்குத் தெரியவே தெரியாது.

அந்த நேரம் பார்த்து பேண்டுக்கு ஒரு பெரிய கச்சேரி வந்துச்சு. இவர் என்ன செஞ்சார் தெரியுமா? எதிர்க்கட்சியைக் கூப்பிட்டு, தனக்குப் பதிலா வாசிக்கச் சொன்னார். அதோட விட்டாரா? தன் பேஸையும், அதோட சத்தத்தைக் கூட்டற ஆம்பையும் அவர்கிட்டயே கொடுத்து விட்டார். பேண்டை நடத்தற கீபோர்டு மாஸ்டருக்குப் போன் போட்டு, "கவலைப்படாதீங்க, பேஸ் வந்துடும். ஆள் யாரா இருந்தா என்ன?"ங்கிறார்!

எனக்கு வந்துச்சே கோபம். "நாளைக்கு எனக்குக் காய்ச்சல்னா மெஷினை மட்டும் கடைக்கு அனுப்பி வைக்கறேன், துணி தானே தைச்சுக்கட்டும்!"னு கத்தினேன்.

ஒத்திகையைப் பார்க்க இவர் கிளம்பினார், நானும் கூடப் போனேன். தனியா அனுப்ப மனசில்லை. நாங்க எதிர்ல ரெண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தன் பேஸை எதிர்ல உட்கார்ந்து இவர் கேட்கறது அதுதான் முதல் தடவை. எதிர்க்கட்சி கெட்டிக்காரர், குறை சொல்ல முடியாது, பிசிறில்லாம வாசிச்சார். ஆனா ஒரு பாட்டு முடியறதுக்குள்ள மாஸ்டர் கையைத் தூக்கிட்டார்.

"எப்பவும் வர்ற சத்தம் வரலையே?"

எதிர்க்கட்சி பேஸ்ல இருக்கிற குமிழைத் திருகினார். மறுபடி வாசிச்சார். வரலை. இவர் எழுந்து போய் ஆம்பைப் பார்த்தார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். எல்லாம் வெச்சது வெச்சபடிதான் இருக்கு. அதே பேஸ், அதே பழங்கம்பி, அதே ஆம்பு.

"அட போய்யா!" எதிர்க்கட்சிக்குப் பொறுமை போச்சு. "என்ன சத்தம் கேக்கறாங்கன்னு நீயே வாசிச்சுக் காட்டு. உன் கட்டிலை நீ தூக்க வேணாம். பொட்டியில என்னுது இருக்கு, பாதிக் கனம்கூட இருக்காது."

இவர் அந்தப் பொட்டியைப் பார்த்த பார்வை இருக்கே! சத்தியமா எழுந்து வெளியே போயிடுவார்னுதான் நினைச்சேன். ஆனா மாஸ்டர் முகம் வாடிக் கிடந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் எடுத்தார்னு நினைக்கறேன். முக்காலின்னு கேலி பண்ணின அதே பேஸை, முகத்தைச் சுளிச்சுக்கிட்டே மாட்டிக்கிட்டார். வலது கை கட்டைவிரலைக் கம்பி மேல லேசா அழுத்தி வெச்சு, மெதுவா ஆரம்பிச்சார்.

பேண்டுல இவரை அண்ணன்னு கூப்பிடற ஒரே ஆள் பாடற அம்மாதான். அவங்க முன்னாடி மைக்குகிட்ட நின்னு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தாங்க. முதுகு பேண்டு பக்கம். பின்னாடி யார் கையில எது இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாலு சுரம் போயிருக்காது. தலையை நிமிர்த்தாமலே மைக்ல சொன்னாங்க:

"அப்பாடா, அண்ணன் வந்தாச்சு. ஆரம்பிக்கலாம்."

ஹால்ல அது எதிரொலிச்சுது. எதிர்க்கட்சி தன் தலையில தானே அடிச்சுக்கிட்டு சிரிச்சார். இவர் மட்டும் சிரிக்கலை. அந்தப் பாட்டை முழுசா வாசிச்சார். முடிச்சுட்டு, பேஸைப் பத்திரமாத் திருப்பிக் கொடுத்துட்டு, என் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். நெத்தியெல்லாம் வேர்வை.

"அது நானா?"ன்னு கேட்டார், எனக்கு மட்டும் கேக்கற மாதிரி.

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா?"

"இவ்வளவு நாளா வந்து சொன்னாங்களே, அதெல்லாம் என்னைத்தானா?"

"உங்களைத்தான்."

சாத்தி வெச்சிருந்த தன் பேஸைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "ஒண்ணைக்கூட நான் வாங்கிக்கலையேடி."

நான் எதுக்கும் வெடுக்குன்னு பதில் சொல்றவ. அன்னிக்கு முந்தானையை எடுத்து அவர் நெத்தியைத்தான் துடைச்சு விட்டேன்.